மெதுவாகப் பேசிய டேப்

அக்கா, தங்கை வீட்டில் வந்து இறங்கியபோது ஒரே ஒரு பெட்டிதான் கனத்தது. உள்ளே, செத்துப்போன புருஷனின் பழைய டேப் ரெக்கார்டர், பெரிய சுருள்களோடு.

“இதைத் தூக்கிக்கிட்டு கடல் தாண்டி வரணுமாக்கா?” என்றாள் தங்கை.

“என் பாட்டைப் பதியணும்டி. அவர் இருந்தவரைக்கும் வாய் திறக்க விட்டாரா? இதுல இருக்கிற அவர் பேச்சை அழிச்சு, அது மேலேயே பதியப் போறேன்.”

“அத்தான் குரல்னு இது ஒண்ணுதானே மிச்சம்!”

“நான் கேட்ட வரைக்கும் போதும்.”

தங்கை இருந்த நாட்டு மின்சாரத்துக்கு இரண்டு மடங்கு அழுத்தம். கடைக்காரர் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்தார். “மிஷின் எரியாம இது பார்த்துக்கும். ஆனா உங்க ஊர்க் கரண்ட் நொடிக்கு அறுபது தடவை துடிக்கும், இங்கே ஐம்பதுதான். மோட்டார் மெதுவாத்தான் சுத்தும்.”

மத்தியானம் திரையை இழுத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் முனகியது. சூடேறிய தூசியின் வாசனை எழுந்தது. அத்தான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் பேசிய பேச்சு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்து, இழுத்து இழுத்து வந்தது.

“சபை…யோர்…களே…”

தங்கை சிரித்துவிட்டாள். “அத்தானுக்கு ஜலதோஷம்!”

பேச்சு நின்றது. சுருள் மட்டும் சுற்றியது.

“பா…டா…தே.”

சிரிப்பு செத்தது.

“அக்கா, இது அந்தப் பேச்சுல இருந்ததா?”

“இல்லை.”

தங்கை பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். முனகல் அடங்கியது.

சுருள் நிற்கவில்லை.

வேகம் பிடித்தது. சொந்த வீட்டில் ஓடிய அதே வேகம். குரலும் அதே பழைய குரல்.

“சொன்னா கேக்க மாட்டியா?”

“வெளியே ஓடிடலாம், வாக்கா…”

“எதுக்கு? இந்தக் குரலுக்கு பயந்து பாதி ஆயுசு அடுக்களையில கழிச்சாச்சு. இப்போ வெறும் பெட்டி. கரண்ட்கூடக் கிடையாது. அதுக்கு இவ்வளவு அதிகாரமா?”

அக்கா பதிவுப் பொத்தானை அழுத்தி, மைக்கை வாயருகே பிடித்தாள்.

முதல் அடி நடுங்கியது.

“நிறுத்து!” என்றது பெட்டி.

இரண்டாம் அடியை அதற்கு மேல் தூக்கிப் பாடினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டு ஒரு வரி விடாமல் முடிந்தது.

பிளக்கை மாட்டாமலே பின்னுக்குச் சுற்றிப் போட்டுக் கேட்டார்கள். அவள் குரல் மட்டும்தான். அத்தான் பேச்சில் ஓர் எழுத்தும் மிச்சமில்லை.

“போயிட்டாரா?” தங்கை கிசுகிசுத்தாள்.

“இருந்தா இருக்கட்டும். உட்கார்ந்து கேக்கட்டும்.”

அடுத்த பாட்டுக்கு அக்கா தொண்டையைச் செருமினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தொண்டை செருமியது.