விழிக்காத ஜீன்

பேராசிரியர் செத்துக் கிடந்தார்.

உறைபதன அறையின் தரையில், மல்லாந்து, வாயைத் திறந்தபடி... கடைசியாக ஒரு சொற்பொழிவுக்குத் தயாரானவர் போல.

சுற்றிலும் இடுப்புயர எஃகு உருளைகள். உள்ளே, திரவ நைட்ரஜனில், பிள்ளையில்லாத ஆண்களின் விந்து மாதிரிகள் உறைந்து கிடந்தன. அவர்களையெல்லாம் அப்பாவாக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், இப்போது அவர்களைவிடச் சில்லிட்டுப் போயிருந்தார்.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார்.

"அது என்ன பெட்டி?"

"ஆக்சிஜன் அலாரம், மேடம்" என்றாள் ஆராய்ச்சி மாணவி. காலையில் பிணத்தைப் பார்த்தவள் அவள்தான். "நைட்ரஜன் கசிஞ்சா ரூம்ல மூச்சுக்காத்து குறையும். உடனே கத்தும்."

"கத்தலையே."

"ஸ்விட்சை யாரோ அணைச்சிருக்காங்க. வெளியே இருக்கற நைட்ரஜன் குழாயும் திறந்திருந்தது. கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது."

விபத்து என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த கான்ஸ்டபிளின் முகம் வாடியது.

"உங்க பேராசிரியர் எப்படி?"

மாணவி தயங்கினாள்.

"செத்தவரைப் பத்தித் தப்பா..."

"தாராளமா சொல்லுங்க. இனிமே மார்க்கைக் குறைக்க மாட்டார்."

"முதுகுக்குப் பின்னாடி அவரை 'வால்'னு கூப்பிடுவோம். அதுதான் அவர் ஆராய்ச்சி. விந்தணு முதல்ல உருண்டையா இருக்கும். அப்புறம்தான் வால் முளைச்சு நீந்தும். அதுக்கு ஒரு ஜீன் விழிக்கணும். அது தூங்கிட்டா, வால் இல்ல... குழந்தையும் இல்ல."

"அதை எழுப்ப மருந்து கண்டுபிடிச்சாராக்கும்?"

"அப்படித்தான் சொன்னார். அவருக்கும் குழந்தை இல்ல. மருந்தைத் தானே சாப்பிட்டார். இப்போ அவர் மனைவி கர்ப்பம். நாளைக்கு மாநாட்டு மேடையில அறிவிக்கப் போறதா இருந்தார்."

"வேலை செய்யுதா மருந்து?"

"இல்ல, மேடம். அவர் மாதிரியை நான்தான் சோதிச்சேன். மருந்துக்கு முன்னாடியும் ஜீன் தூங்குது. பின்னாடியும் தூங்குது. ஒரு விந்தணுவுக்கும் வால் இல்ல."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'என் மனைவி கர்ப்பமா இருக்கா, அதைவிட உனக்கு என்ன ரிசல்ட் வேணும்'னு மாதிரியைத் தூக்கிக் குப்பையில போட்டார்."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அறிவியலைப் பொண்டாட்டி பேச்சை வைத்து முடித்த முதல் மேதை.

அப்படியானால் குழந்தைக்கு அப்பா யார்?

பேராசிரியரின் அறையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். அருகில் துணைப் பேராசிரியர். இஸ்திரி கலையாத சட்டை; வலது கை மட்டும் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"ஜோசியம் பார்க்க."

கை தயங்கி வெளியே வந்தது. விரல்நுனிகள் வெளுத்து, கொப்புளம் கட்டியிருந்தன.

"டீ கொட்டிடுச்சு."

"டீ பட்டா சிவக்கும் சார். இது வெளுத்திருக்கு. குளிர் சுட்டிருக்கு. இத்தனை வருஷம் நைட்ரஜனோட குடும்பம் நடத்தறீங்க... அவசரத்துல கையுறை போட மறந்துட்டீங்களா?"

அவர் கையை மறுபடியும் பாக்கெட்டுக்குள் நுழைத்தார்.

"பேராசிரியருக்குக் குழந்தை பிறக்க வழியில்ல. அப்போ அது உங்களோடதா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். பயம் போய், முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது.

"ஆமா. என் குழந்தை. அதை மேடையில ஏத்தி, தன் மருந்தோட வெற்றின்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கப் பார்த்தார். எனக்கு ரத்தம் கொதிக்காதா? அவர் உள்ளே போனதும் குழாயைத் திறந்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். அலாரத்தை முன்னாடியே அணைச்சிருந்தேன்."

"நீயா?" என்றாள் மனைவி, மெல்ல.

"உனக்காகத்தான்... நம்ம குழந்தைக்காக."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போல.

"எந்தக் குழந்தை?"

பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை மலடின்னு சொன்னார், மேடம். சொந்தக்காரங்க முன்னாடி, மாணவர்கள் முன்னாடி. தன்கிட்டதான் குறைன்னு அவருக்குத் தெரியும். எனக்கு அது போன மாசம்தான் தெரிஞ்சது. அதான் கர்ப்பம்னு பொய் சொன்னேன். மேடையில ஏறி அளக்கட்டும், அப்புறம் எல்லார் முன்னாடியும் எழுந்து உண்மையைச் சொல்லலாம்னு இருந்தேன். நான் அவரைத் தலைகுனிய வைக்கத்தான் நினைச்சேன்... சாகணும்னு நினைக்கல."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துணைப் பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா... என் குழந்தையான்னு நான் கேட்டப்போ நீ சிரிச்சியே!"

"பழகின பாவத்துக்குச் சிரிச்சேன். நீயாவே அப்பாவாயிட்டே."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். கொப்புளத்தில் படாமல் மாட்டினார். அதற்குமேல் மரியாதை கொடுக்கத் தோன்றவில்லை.

"விந்தணுவோட வாலுக்கு எந்த ஜீன் காரணம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. என்ன படிச்சீங்களோ."

வாசலில் கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார்.

"கொலைக்குக் காரணம் என்னன்னு எழுதறது, மேடம்?"

"இல்லாத குழந்தைக்கு ரெண்டு அப்பா. ஒருத்தர் மேலே, ஒருத்தர் உள்ளேன்னு எழுதுங்க."