நாலாம் அறைக்குச் சேராத பதில்

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்கள் வந்து குவிந்திருந்தன. பிரிஸ்கில்லா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு லேப்டாப்பை மறுபடி பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே வரிதான். 'அறை 4. கதவைத் திறக்க அனுமதி.'

திண்டுக்கல்லைத் தாண்டி, பழனி சாலையை விட்டு உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கு நடுவில் நின்ற குளிர்கிடங்கு அது. ஆயக்குடிக் கொய்யா லாரி லாரியாக வந்து இறங்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆளரவம் இல்லை. தகரக் கூரையில் உச்சிவெயில் படபடவென்று வெடிக்கும் சத்தமும், பின்பக்கத்தில் கம்ப்ரசரின் முனகலும், எந்த மூலைக்குப் போனாலும் விடாமல் ஒட்டிக்கொண்டு வரும் பழுத்த கொய்யாவின் வாசமும்தான் துணை. சாயங்காலம் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். பூசைக்கு மணியடிக்கும் முன் வந்துவிடுவேன் என்று பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முடித்தாக வேண்டும்.

சிக்கல் புதிதல்ல. கிடங்கில் இருந்த மெசேஜ் க்யூ, அதாவது செய்திகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் மென்பொருள், பழசு. கோவைத் தலைமை அலுவலகத்தில் இருந்தது புதுசு. இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. ஒன்று சொல்வதை மற்றதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நடுவில் ஒரு புரோகிராம் ஓடியது. அதற்குப் பாலம் என்று பெயர். போகும் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் எண் உண்டு. பதிலும் அதே எண்ணோடு திரும்பினால்தான் கேட்டவரிடம் போய்ச் சேரும். புதிய க்யூவோ அந்த எண்ணின் வாலை நறுக்கிக்கொண்டிருந்தது. பதில்கள் திரும்பி வந்தும் கேட்டவரைக் கண்டுபிடிக்க முடியாமல் ஓரமாகக் குவிந்துவிட்டன. குவியல் நிரம்பி, குளிர் அளவு கோவைக்குப் போவதும் நின்ற பிறகுதான் சரிசெய்ய அவளை அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்குத் தோன்றியிருக்கிறது.

அறைக் கதவுகளும் இந்தப் பாலத்தை நம்பித்தான் இருந்தன. குளிர் வீணாகக் கூடாதென்று அவை சாத்தியதும் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து இழுத்தால் திறக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அது கோவைக்குப் போய், அனுமதி திரும்பி வந்தால்தான் பூட்டு விலகும். எந்தப் புத்திசாலியின் யோசனையோ. சுமைதூக்குபவர்கள் அதை நம்பாமல், வாசலில் ஒரு பழக் கிரேட்டை முட்டுக்கொடுத்துவிட்டே உள்ளே போவார்கள்.

"அண்ணே, நாலாம் ரூம்ல யாரு வேலை பாக்குறா?"

காவலுக்கு இருந்த வீரப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அது போன வருசத்துல இருந்து சும்மா கெடக்கும்மா. சரக்கே வைக்கிறதில்ல."

"ஏன்ணே?"

"போன வருசம் சுமை தூக்குற ஒருத்தன் உள்ள மாட்டி... நமக்கெதுக்கும்மா அம்புட்டும்? வெரசா முடிச்சுட்டுக் கெளம்புங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் ஒரு வாய் சாப்டுட்டு வாரேன்."

அவர் சைக்கிள் மண்பாதையில் மறைந்தது. அவள் கோவை அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மதன்குமாரைப் போனில் பிடித்தாள்.

"மதன், பாலத்தை நிறுத்துறேன். நான் சொல்ற வரைக்கும் அந்தப் பக்கத்துல இருந்து யாரும் தொடக் கூடாது."

"தொட மாட்டோம் பிரிஸ்கி. நீ நிதானமா பாரு."

கைவைக்கும் முன் பாலத்தை நிறுத்துவது அவர்கள் தொழிலின் முதல் பாடம். நிறுத்தினாள். எண்ணை நறுக்காதபடி விதியை மாற்றினாள். மறுபடி ஓடவிட்டால் சரியாகிவிடும். அதற்கு விரல் போகும்போதுதான் பழைய க்யூவில் ஒரு வரி புதிதாக முளைத்தது.

'அறை 4. பொத்தான்.'

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது. பிறகு அடுத்தது. சீராக இல்லை, இரண்டு அவசரமாக, ஒன்று தயங்கி, பிறகு மூன்று சேர்ந்தாற்போல். ஈரம் இறங்கி வயர் ஒட்டியிருக்கும், வேறென்ன, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இப்படியே ஓடவிட்டால் அந்தக் கதவு திறந்து திறந்து பூட்டும். முதலில் பொத்தானைக் கழற்றிவிடலாம். லேப்டாப்புக்கு இணையம் கொடுத்துக்கொண்டிருந்த போனை மேஜையிலேயே விட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு எழுந்தாள்.

நாலாம் அறைக் கதவு கனத்தது. இழுத்துத் திறந்து, கிரேட்டை முட்டுக்கொடுத்து, இரண்டு தரம் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குளிரூட்டி ஓடாத அறை, ஆனாலும் குளிர்ந்தது. வாசல் வெளிச்சம் தரையில் ஒரு பட்டையாக விழுந்து பாதியில் நின்றது. அதற்கு அப்பால் வெறும் கருப்பு. கொய்யா வாசம் இங்கே அழுகலாக இருந்தது. அதற்குள் வேறொன்றும் இருந்தது. வியர்வை. வேலை முடித்துச் சட்டையைக் கழற்றும் ஆளிடம் வரும் வியர்வை.

பொத்தான் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தாள். வயர் காய்ந்து, சுத்தமாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு பழுதும் இல்லை. மூடியைத் திருப்பி மாட்டினாள்.

பின்னால் கிரேட் இழுபட்டது.

திரும்புவதற்குள் வெளிச்சப் பட்டை மெலிந்து, கோடாகி, இல்லாமல் போனது. கதவு சாத்திக்கொண்ட சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

"அண்ணே! வீரப்பண்ணே!"

சுவர்களின் தெர்மாகோல் குரலை உறிஞ்சிக்கொண்டது. கதவைத் தோளால் இடித்தாள். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான தகடு. தடவித் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினாள். அழுத்திய மறுநொடியே புரிந்தது.

பாலம் நின்றிருக்கிறது.

அவள்தான் நிறுத்தினாள். அந்த மெசேஜ் கோவைக்குப் போகாது. பழைய க்யூவில், வரிசையின் கடைசியில் போய் நிற்கும். மதன் தொட மாட்டான். தொடாதே என்று சொன்னதும் அவள்தான். வீரப்பன் வருவார், ஆனால் இந்தப் பக்கம் வர மாட்டார். காற்றுப் புகாத அறை. மகள் வெள்ளைக் கவுனோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இயேசுவே."

மூச்சை அளந்து விட்டாள். கையைச் சுவரிலிருந்து எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

டிக்.

அவள் அழுத்தவில்லை.

டிக். டிக்.

வியர்வை வாசம் கிட்டத்தில் வந்தது. மிகக் கிட்டத்தில். அவள் மூச்சை அடக்கினாள். அறையில் ஒரு மூச்சு அடங்கவில்லை.

டிக்.

கூடாது என்று தெரிந்தும் கையை நீட்டினாள். இருட்டில் பற்றிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. சுவர். தகடு. திருகாணி. பொத்தான் கிடைக்கவில்லை. பொத்தான் மேல் ஒரு கை இருந்தது. நகம் தேய்ந்து, சில்லிட்டு, மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருந்த கை.

அது நின்றது.

பிறகு நிதானமாகத் திரும்பி, அவள் விரலைப் பிடித்து, பொத்தானின் மேல் வைத்து, தனக்குப் பதிலாக அவளை அழுத்த வைத்தது.