நடுக்கம் பழகுதல்

‘அண்ணன்’ என்ற சொல்லில் கோகிலவாணியின் குரல் உடைந்தது. ஒத்திகைப்பொறி சிவப்பு விளக்கைக் காட்டி, அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னது.

நேர்காணல்களில் குரல்மானி வைத்துப் பேச்சின் நடுக்கத்தை அளந்து, நடுங்கியவர்களைக் கழிக்கத் தொடங்கியதிலிருந்து ஈரோட்டில் தெருவுக்கொரு ஒத்திகைக் கூடம் முளைத்திருந்தது. தலையில் வளையத்தை மாட்டிக்கொண்டு பதிலைச் சொல்ல வேண்டும். குரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கே வளையம் மூளைக்குள் மெல்லிய அதிர்வை அனுப்பும். சொல்லச் சொல்ல, அந்தச் சொல்லுக்கும் நெஞ்சுக்கும் இருந்த பிடி தளரும். நினைவு அப்படியே இருக்கும், கனம்தான் போய்விடும். இதில் என்ன கெடுதல் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அவளிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு வருடம் ஏன் வேலையில் இல்லை? சிறுநீரகம் பழுதான அண்ணன் சிவநேசனை அந்த இரண்டு வருடமும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். போன மாசியில் அவன் போய்விட்டான். அம்மா முன்பே இல்லை. மகனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அப்பா சென்னியப்பன் அழவும் இல்லை, வாய்விட்டுப் பேசவும் இல்லை. முப்பத்தைந்தைத் தொட்டவர்களை யாரும் வேலைக்கு அழைப்பதில்லை, அவளுக்கோ ஆவணி வந்தால் முப்பத்தைந்து. இப்போது கேட்டிருக்கும் வேலையும் கிடைக்காமல் போனால் வீட்டைத் தாங்க வேறு வழி கிடையாது.

வேலை, ஒரு பெரிய மருத்துவமனையில் துயர்சொல்லி. வைத்தியம் பார்ப்பதிலிருந்து படுக்கை மாற்றுவது வரை பொறிகளே செய்தாலும், இறப்பை மட்டும் உறவினரிடம் ஒரு மனிதர்தான் வந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. மனிதருக்கென்று மிஞ்சிய சில வேலைகளில் அதுவும் ஒன்று.

மாலைக்குள் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணனின் கடைசி இரவை, பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோல அவளால் சொல்ல முடிந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

நேர்காணலிலும் அப்படியே சொன்னாள். குரல்மானியின் முள் அசையவே இல்லை. தேர்வுக்குழுத் தலைவி திலகவதி பேனாவைக் கீழே வைத்தார்.

“கூடப்பிறந்த அண்ணன் இறந்ததைச் சொல்றீங்க. உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?”

அந்தக் கேள்விக்கு அவள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று திலகவதி சலித்துக்கொண்டார். குழந்தை இறந்ததை ஒரு துயர்சொல்லி மரக்கட்டை மாதிரி வந்து சொல்லிவிட்டுப் போனதால் பெரிய ரகளையாகிவிட்டதாம். இனிமேல் முள் அசைகிறவர்களுக்குத்தான் வேலை. ஒரு வாரம் கழித்து வேண்டுமானால் இன்னொரு முறை வந்து பார்க்கலாம் என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நேராக ஒத்திகைக் கூடத்துக்குப் போய், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கூடம் நடத்தும் பொன்னுச்சாமி நல்ல மனிதர்தான். பொய் சொல்லவில்லை.

“தளர்த்தத்தானுங்க அதுக்குத் தெரியும் அம்மணி. திரும்பக் கட்டத் தெரியாதுங்க.”

ஆனால் வேறொரு வழி இருந்தது. முதல் நாள் அவள் உடைந்து பேசியது பொறியில் பதிவாகியிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும் என்றார் அவர். இப்போதெல்லாம் அதற்குத்தான் ஆட்கள் வருகிறார்களாம்.

கோகிலவாணி தன் அழுகையைக் காதில் வாங்கினாள். யாரோ ஒரு பெண் அழுவதுபோல இருந்தது. நன்றாக அழுகிறாளே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். வெட்கத்தோடேயே பழகினாள். மூச்சு எங்கே சிக்க வேண்டும், எவ்வளவு நேரம் பேச்சு நிற்க வேண்டும், கண்ணீர் எப்போது வர வேண்டும் என்று பொறி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. உடம்பு சீக்கிரமே கற்றுக்கொண்டது. இரண்டாம் நேர்காணலில் முள் துள்ளியது, திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. சாவுக்கு வர முடியாமல் போனவர். துக்கம் கேட்க வருகிறவரை ‘வாங்க’ என்று அழைப்பதில்லை. சென்னியப்பன் எழுந்துபோய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் உட்கார்ந்தார்கள்.

“எப்படிங்க மச்சான் ஆச்சு?” என்றார் மாமா.

துக்க வீட்டில் இதைக் கேட்காமல் யாரும் எழுந்துபோவதில்லை. சொல்லிச் சொல்லித்தான் ஆற வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பாவின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மகளைப் பார்த்தார்.

“நீ சொல்லு சாமி.”

அவள் சொன்னாள். மூச்சு சிக்கியது, பேச்சு நின்றது, கண்ணீர் வந்தது. மாமா தேம்பினார். சென்னியப்பன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார், பிறகு அதையும் மீறிக் கதறினார். இத்தனை மாதமாக உள்ளே அடைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. “எஞ்சாமி போயிட்டானே” என்று மகளின் தோளில் விழுந்து குலுங்கினார்.

கோகிலவாணியின் அழுகை அதற்குள் முடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அண்ணனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அப்பா மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தார். அவரை அப்படி விட அவளுக்கு மனம் வரவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.