மூலைக்கு எத்தனை வாட்

பூட்டுநாளன்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் உட்காரப் பொழுதிருக்காது. விடிந்ததும் விடியாததுமாக ஆளாளுக்கு ஒளிமானியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் செடியறைக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். விடிவது என்று சொல்வதும் பேச்சுக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம் சற்று வெளுக்கும், அவ்வளவே. வெயில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், உலகத்தார் கூடிப் பேசி வானத்தில் விரித்த திரை அது. வெயில் தணிந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். வயல்கள் பிழைக்கவில்லை.

ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு செடியறை. திருப்பூரில் பழைய பனியன் கம்பெனிகளை இடித்துவிட்டுக் கட்டிய இந்த அடுக்குமாடியில், படுக்கையறை இல்லாத வீடு உண்டு. செடியறை இல்லாத வீடு கிடையாது. தட்டுத் தட்டாகத் தொட்டிகள், தட்டுக்கொரு எல்இடி விளக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் என்று ஒளிப்பங்கு உண்டு. போகம் தொடங்கும் நாளில் எந்தச் செடிக்கு எத்தனை வாட் என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மாலையில் பொறுப்பாளர் வந்து பூட்டிவிட்டுப் போனால், அந்தப் போகம் முடிகிறவரை ஒரு வாட்டைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மின்சாரம் அந்த அளவுக்கு இழுபறி.

தெய்வானை அன்று காலையிலிருந்து நாலு தடவை அடுப்பைப் பற்றவைத்து நாலு தடவையும் அணைத்துவிட்டாள். சாயப்பட்டறை ஆய்வகத்தில் நிறம் பார்க்கிற வேலை அவளுக்கு. வெளிச்சம் என்றால் அவளைக் கேள் என்று மாடி முழுக்கப் பெயர். அந்தப் பெயர்தான் இப்போது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அமுதவல்லி வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, பாலக்கீரைக்கு இந்த விளக்கு ஆகுமுங்களா? பெட்டியில ஆயிரம் வாட்னு போட்டிருக்குது."

"அச்சடிக்கறவனுக்கு என்ன போகுது? மீட்டர்ல எத்தன இழுக்குதுன்னு பாரு. அதுதான் வாட்டு. பெட்டியில இருக்கறது அவன் ஆச."

"கைய நீட்டிப் பாத்தேனுங்க்கா. சூடே தெரியல. சரி, இன்னுங் கொஞ்சம் ஏத்தலாம்னு..."

"உன்ற கைக்கா கீர மொளைக்குது? எல வெளுத்துப் போயிரும். கீரைக்கு அதுல பாதி போதும். தக்காளி, கத்திரினு காய்க்கற செடிக்குத்தான் ரெண்டு மடங்கு வேணும். விளக்க எத்தன ஒசரத்துல கட்டியிருக்கற?"

அமுதவல்லி இரண்டு முழம் காட்டினாள். ஒரு முழத்துக்கு இறக்கினால் அதே விளக்கு நாலு மடங்கு வேலை செய்யும் என்று சொல்லி அனுப்பினாள் தெய்வானை. கையை நீட்டிப் பார்ப்பது இந்தக் கட்டடத்தின் வியாதி. பழைய விளக்குகள் சுட்டன. அப்போது அது சரியாக இருந்தது. இந்த விளக்குகள் சுடுவதில்லை. கை சுடவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போய்க் கீரையைக் காகிதமாக்கியவர்கள் மாடிக்கு மாடி இருந்தார்கள்.

ஊருக்கெல்லாம் சொல்கிறவளின் சொந்த அறையில் ஒரு மூலை அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தது. சுவரோரத்துக் கத்திரிச் செடிகள் தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. வெளிச்சம் போதாத செடி அப்படித்தான் நீளும். ஆனால் ஒளிமானியை வைத்துப் பார்த்தால் அந்த மூலையிலும் மற்ற இடங்களுக்குச் சமமாக இருக்கிறது. போன பூட்டுநாளில் கருவியை நம்பாமல் கண்ணை நம்பி வாட்டை ஏற்றினாள். மூலை அப்படியே இருந்தது. நன்றாக இருந்த மற்றச் செடிகள் இலை சுருண்டு விளிம்பு கருகின. காய் பாதிக்குப் பாதி போயிற்று. இந்தப் போகமும் தவறினால் பங்கில் ஒரு துண்டு வெட்டிவிடுவார்கள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நல்லசிவத்திடம் மட்டும் புலம்பியிருந்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

நல்லசிவம் அவள் கணவன். குளிர்பதனக் கிடங்கில் மாலை முறை வேலை, பூட்டுநாளில் மட்டும் விடுமுறை. கல்யாணமான புதிதில் வாயை மூட மாட்டான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஊர், உறவு, மூட்டுவலி வரை விசாரித்துவிட்டுத்தான் இறங்குவான். இப்போது நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும். சோற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். தன்மேல்தான் ஏதோ மனத்தாங்கல் என்று தெய்வானை நினைத்திருந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அந்த ஒன்றுமில்லையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வீட்டில் கால் தரிப்பதில்லை.

கீழ்த்தளத்தில் பூட்டுக்குப் பெயர் பதிய வரிசை நின்றது. மதியமாகிவிடும் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். போனால் பாதிப் பேர் லிஃப்ட் பழுதென்று வராமல் போயிருந்தார்கள். மளமளவென்று வேலை முடிந்துவிட்டது. படியேறி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே செடியறைக்குப் போனாள். இன்னொரு முறை மூலையை அளந்துவிட வேண்டும் என்ற அரிப்பு.

கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

சுவரோரத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நல்லசிவம் உட்கார்ந்திருந்தான். மேலே சட்டை இல்லை. விளக்குக்கும் செடிக்கும் நடுவே முகத்தை நீட்டி, கண்ணை மூடியிருந்தான். அவன் நிழல் கத்திரிச் செடிகள்மேல் அகலமாக விழுந்து கிடந்தது. அவன் முகத்தை அப்படித் தளர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். கருவி பொய் சொல்லவில்லை. அவள் அளக்கிறபோதெல்லாம் இவன் இங்கே இல்லை, அவ்வளவுதான்.

"ஏனுங்க."

அவன் திடுக்கிட்டு எழுந்தான். தலை விளக்கில் இடித்து விளக்கு ஆடியது.

"எத்தன நாளா இது?"

"தெரியல. நீ வேலைக்குப் போனப்பறம் வந்து உக்காருவேன்."

"கத்திரி நீண்டு போனது உங்களாலயா?"

"செடிக்கு மறைக்கக் கூடாதுன்னு தள்ளித்தான் உக்காந்தேன். ஆனா வெளிச்சம் இருக்கற எடத்துலதான உக்காரணும்."

"போன போகத்துல நான் மண்டையப் பிச்சுக்கிட்டு வாட்ட ஏத்துனனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமல்லங்க?"

நல்லசிவம் தரையைப் பார்த்தான். "நீ ஏத்துனது எனக்கு நல்லா இருந்துச்சு."

தெய்வானைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சிரிக்கவில்லை. கவிழ்த்த வாளியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

மங்கல் என்று அதற்குப் பெயர். திரை விரித்த பிறகு வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மனிதன் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டே போவான். மருத்துவர்களுக்கு மருந்தும் தெரியும்: நல்ல வெளிச்சத்தில் தினமும் உட்கார வேண்டும். ஆனால் ஒளிப்பங்கு இலைக்கு மட்டும். ஆள்மேல் விழுகிற வெளிச்சத்துக்குச் சட்டத்தில் சிந்தல் என்று பெயர். குழாயில் ஒழுகுகிற தண்ணீர்போல அது வீண். பிடிபட்டால் பங்கு போகும். அதனால் யார் வீட்டிலும் மங்கல் இல்லை. மங்கல் வந்தவனுக்குக் கிடங்கில் வேலையும் இல்லை.

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ வாட்டக் கணக்குப் போட ஆரம்பிச்சுருவ."

அது உண்மை. அவள் மனது ஏற்கெனவே கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. எழுந்து, சுவரில் ஒளிப்பங்கைப் பிரித்துக் காட்டும் திரையைத் தட்டினாள். வெந்தயம், பாலக், புதினா, வெண்டை, கத்திரி, தக்காளி என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட், எத்தனை உயரம், எத்தனை மணி. அடிவரை தள்ளிப் பார்த்தாள். மல்லிகைகூட இருந்தது. மனிதன் இல்லை.

"உக்காருங்க," என்றாள்.

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா."

ஒளிமானியை அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். வெண்டைக்குப் போதும், அதற்குமேல் இல்லை. திரையில் வாட்டைக் கூட்டினாள்.

"இது?"

"இன்னும் கொஞ்சம்."

கூட்டினாள். "இப்ப?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அங்கேயே நின்றாள், கூடத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள், ஒரு தொட்டியை எடுத்து எடுத்த இடத்திலேயே வைத்தாள். காத்திருப்பது அவளுக்கு ஒத்துவராத வேலை. வெகுநேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே அவன் பேசினான்.

"கிடங்குல வேலுச்சாமின்னு புதுசா ஒருத்தன் வந்திருக்கறான். வாழப்பழத்துக்குக் குளிருமேன்னு மேல சாக்குப் போத்தி விட்டுட்டான். குளிரத்தான்டா வெச்சிருக்குதுன்னு மேனேஜர் கத்தறாரு. பாவமா இருக்குதுங்கன்னு அவன் சொல்றான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். தெய்வானை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெந்தயத் தொட்டியில் இல்லாத களையைப் பிடுங்கினாள். இந்த மனிதனைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், இவன் இத்தனை நாளும் நாற்பது வாட் தூரத்தில்தான் இருந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே இன்னொன்றையும் பிடுங்கினாள்.

திரையில் கூட்டிய வாட் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கீரைத் தட்டு இரண்டையும் அணைத்தாள். கத்திரித் தொட்டிகளில் பாதியை நகர்த்தினாள். போதவில்லை. வெண்டையையும் எடுத்தாள். மிஞ்சியது ஒரு தட்டுக் கத்திரியும் கொஞ்சம் வெந்தயமும். இந்தப் போகம் முழுக்க ரேஷனில் தருகிற மாவும் கிழங்கும்தான். மூலைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். இவ்வளவு வெளிச்சம் கேட்கிற செடி தக்காளி ஒன்றுதான். தக்காளிக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அறைக்குள் காற்றும் வண்டும் இல்லாததால் பூ உதிர்ந்து காய்க்காமல் போவது சகஜம்.

நல்லசிவம் திரையைப் பார்த்துவிட்டான்.

"வேண்டாம் தெய்வா. கீரையில்லாம நீ எப்புடி இருப்ப? போன தடவையே போச்சு. இந்தத் தடவையும் காய் இல்லைன்னா பங்க வெட்டிப் போடுவாங்க."

"வெட்டட்டும்."

"அடுத்த போகத்துக்கு?"

"அடுத்த போகத்தப்பத்தி அடுத்த போகத்துல பேசிக்கலாம். கீர இல்லாம நான் இருந்துக்குவனுங்க. இப்புடிச் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கற ஆளோட என்னால இருக்க முடியாது. செத்துப் போயிருவேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவன் எழுந்து போய்க் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாளி இருந்த இடத்தில் போட்டான்.

மாலையில் பொறுப்பாளர் வருவதற்குள் நாற்காலியை மறைத்துத் தக்காளி நாற்று வைத்த தொட்டி ஒன்றை இரவல் வாங்கி வைத்துவிடுவது என்பது திட்டம். தெய்வானை மூன்று வீடு ஏறி இறங்கினாள். யாரிடமும் தக்காளி நாற்று இல்லை. நாலாவது வீட்டு வாசலில் நிற்கும்போதே தன் வீட்டு மணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஓடி வந்தாள்.

பொறுப்பாளர் சம்பூர்ணம் திறந்து கிடந்த கதவு வழியே செடியறைக்குள்ளேயே போய்விட்டிருந்தார். சிரிக்கத் தெரியாதவர் என்று கட்டடம் முழுக்கப் பேர் வாங்கிய அம்மாள். போன போகத்தில் ஜன்னல் பக்கம் ஒரு கை அகலம் வெளிச்சம் சிந்தியதற்காக மேல்மாடியில் ஒரு வீட்டின் பங்கை அன்றைக்கே குறைத்தவர். மூலையில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதன்கீழ் நாற்காலி. நாற்காலியில், எழுந்திருக்க மறந்து, நல்லசிவம்.

"இந்த மூலைக்குத் தனியாப் பிரிச்சிருக்கறீங்க. என்ன செடிங்?"

"தக்காளிங்," என்றாள் தெய்வானை.

சம்பூர்ணம் கையிலிருந்த பலகையில் குறித்தார். "எத்தன ஒசரம் வரும்?"

"உக்காந்தா நாலடி வருமுங்."

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. தெய்வானை உதட்டைக் கடித்துக்கொண்டாள். கீரை போயிற்று, கத்திரி போயிற்று, அவன் வேலையும் போயிற்று என்று மனது ஒவ்வொன்றாக எண்ணியது. நல்லசிவம் எழுந்து நின்றான். சம்பூர்ணத்தின் விரல் பலகைமேல் நின்றது. அவர் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், நல்லசிவத்தின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"விளக்க இன்னும் அரையடி ஏத்தி, ஒரு பக்கமாத் தள்ளிக் கட்டுங்க. கண்ணுக்கு நேரா இருந்தாத் தலைவலி வரும். காத்தால ஒரு மணி நேரம் வெச்சாப் போதும். சாயங்காலம் வெச்சுப்போடாதீங்க, ராத்திரி தூக்கம் கெட்டுப்போகும்."

தெய்வானைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சம்பூர்ணம் திரைப் பக்கம் திரும்பிச் சாவியைப் போட்டார். பூட்டு விழுந்தது.

"அறுவடையப்பப் பூ உதுந்துபோச்சுன்னு சொல்லுங்க. எல்லாரும் அதத்தான் சொல்றது."

"எல்லாருமுங்களா?"

சம்பூர்ணம் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். செருப்பை மாட்டுவதற்காகக் குனிந்தவர், குனிந்தபடியே சொன்னார்.

"எங்கூட்டுத் தக்காளிக்கு வர்ற ஆவணி வந்தாப் பதினாறு முடியுதுங்."