நாற்பதும் பச்சை

மாலை நான்கு இருபதுக்கு மாதிரி வகுப்பு மறுபடியும் சிவந்தது.

சுவர்த்திரையில் நாற்பது முகங்கள். எதுவும் உயிருள்ள பிள்ளை அல்ல. மாநிலமெங்கும் பல ஆண்டுகள் பதிவுசெய்த வகுப்பறைகளிலிருந்து வார்த்தெடுத்த போலிமனங்கள். பாடம் புரிந்தால் முகம் பச்சையாகும். புரியாவிட்டால் சிவப்பு; கீழே கேள்வி வரும். நாற்பதும் பச்சையாகாத பாடம் புத்தகத்தில் ஏறாது.

எட்டாம் வகுப்பு, மின்சாரம். எழுதியவர்கள் இருவர். பாளையங்கோட்டை ஆசிரியை ஜெபக்கனி, இயற்பியல் ஆய்வாளர் பிரமநாயகம். ஐந்து மணிக்குள் தேறாவிட்டால் அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் மின்சாரமே இருக்காது.

"அதே கேள்விதானா?" என்றார் பிரமநாயகம்.

"அதேதான். மின்னூட்டம்னா என்னன்னு கேக்குதுங்க."

"அதான் வரையறை குடுத்திருக்கோமே. பொருளோட அடிப்படைப் பண்பு."

"பண்புன்னா என்னன்னு அடுத்தாப்ல கேக்கும் சார். இதுக்கு எங்க எட்டாப்பு பிள்ளைக தேவல. ஒண்ணுமே கேக்காது."

தட்டச்சு செய்ய ஜெபக்கனிக்குத் தெம்பில்லை. ஒலிவாங்கியை இழுத்து, வகுப்பில் நடத்துவதுபோலப் பாடத்தை முதலிலிருந்து வாயால் சொன்னார். கருவி எழுதிக்கொண்டது. அனுப்பினார்.

நாற்பதும் பச்சை.

"ஏ யப்பா! தேறிட்டு டீச்சர்!" பிரமநாயகம் எழுந்துவிட்டார். "காப்பி சொல்லட்டுமா?"

ஜெபக்கனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடத்தில் எதுவும் மாறவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் கூடியிருந்தது. பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: 'என்ன, எல்லாருக்கும் புரிஞ்சுதா?'

பாடத்தை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பினார்.

நாற்பதும் பச்சை.

பிரமநாயகம் உட்கார்ந்தார்.

"இதுங்க நம்ம கிளாஸ்ல வளந்த பிள்ளைக சார்," என்றார் ஜெபக்கனி. "டீச்சர் அப்படிக் கேட்டா, 'புரிஞ்சுது டீச்சர்'னு சேந்து கத்தணும். கத்துனாத்தான் வீட்டுக்கு விடுவோம்."

பிரமநாயகம் சேமிப்பகத்தைத் திறந்தார். முந்தைய ஆண்டுகளில் தேறிய பாடங்கள். ஒளி, ஒலி, வெப்பம், விசை. ஒவ்வொன்றின் முடிவிலும் யாரோ ஓர் ஆசிரியர் அதையே கேட்டிருந்தார். இப்போது எல்லாப் பள்ளிகளிலும் நடந்துகொண்டிருக்கும் பாடங்கள். அவர் சேமிப்பகத்தை மூடினார்.

ஜெபக்கனி பாடத்தைத் திரும்பக் கொண்டுவந்து, கடைசி வரியை நீக்கி அனுப்பினார். நாற்பதும் சிவந்தன. கீழே அதே கேள்வி வந்து நின்றது.

"அந்த வரியத் திரும்பப் போட்டுருங்க, டீச்சர்."

"பொய்யின்னு தெரிஞ்சேவா?"

"பாடமே இல்லாமப் போறதுக்கு அது பரவால்ல. வகுப்புல நீங்க வெளக்கிச் சொல்லிக்கிட மாட்டீங்களா?"

"என்னத்த வெளக்க? எங்கிட்டயே பதில் இல்ல சார்."

பிரமநாயகம் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார். எலக்ட்ரான், புரோட்டான், ஈர்ப்பது, விலக்குவது என்று நிதானமாக, எளிய சொற்களில் பேசினார். நல்ல விளக்கம். முகங்களைப் பார்த்தே பேசினார். ஒன்றுகூட நிறம் மாறவில்லை. முதலிலிருந்து மீண்டும் தொடங்கி, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ஒலிவாங்கியை அணைத்தார்.

வாசலில் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.

ஜெபக்கனி கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், ஒங்களுக்கு இது எப்ப புரிஞ்சுது?"