பன்னிரண்டாவது கிலோமீட்டர்

அவன் இருமினான். ரேடியோவும் இருமியது.

காலை ஒன்பது மணி ஆகியும் குவாரிச் சாலையில் பனி விலகவில்லை. கல் ஏற்றி வர வெறும் வண்டியோடு மேலே போய்க்கொண்டிருந்தான். ஒரு லாரிக்கு மட்டுமே அகலமான சாலை. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் தாண்டும்போது ரேடியோவில் சொல்ல வேண்டும். லோடு வண்டி இறங்கினால் காலி வண்டிதான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும் இடம் பத்தாவது கல்லில் ஒன்று, பதினான்கில் ஒன்று. நடுவே ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இன்று முப்பது டன்னோடு முதலில் இறங்குகிறவன் அவன் மனைவியின் தம்பி.

பதினோராவது கல்லைச் சொல்ல மைக்கை எடுத்தான். முடியவில்லை. எவனோ தன் மைக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தான். ஒருவன் அமுக்கியிருக்கும்வரை மற்றவன் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திட்டினான்.

"எவன்டா அது? பட்டன விடுடா, தடிமாடு!"

திட்டியது அப்படியே ரேடியோவிலிருந்து அவனுக்கே திரும்பி வந்தது.

வைப்பரின் கிறீச்சல், காலடியில் உருளும் தண்ணீர் பாட்டில், சாவிக்கொத்தின் கிணுகிணுப்பு, அவன் எச்சில் விழுங்கியது என்று இந்தக் கேபினுக்குள் கேட்ட ஒவ்வொரு சத்தமும் ரேடியோவுக்குள்ளும் கேட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மூச்சு. நிதானமான, ஈரமான மூச்சு. தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது நிற்கவில்லை.

இருக்கைக்குப் பின்னால், படுக்கும் பலகையை மறைத்து ஒரு திரை தொங்கியது. அங்கிருந்து நனைந்த சாக்கின் நாற்றம் வந்தது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. பயத்தில் பன்னிரண்டாவது கல்லையும் தாண்டிவிட்டான்.

பட்டன் விடுபட்டது. மைத்துனன் குரல் சிரித்துக்கொண்டே வந்தது.

"மாமா, பதினஞ்சு, லோடு, கீழ வரேன். என்ன ஒரே இருமல்? அக்காகிட்ட பீடி விஷயத்தப் போட்டுக் குடுக்கவா? எங்க இருக்கீங்க?"

மைக்கைப் பாய்ந்து எடுத்தான். அதற்குள் பதில் போய்விட்டது. அவன் குரலில்.

"பத்துல ஒதுங்கிட்டேன், மச்சான். நீ நிக்காம வா."

"டேய், அது நானில்லடா! நில்லுடா!" பட்டனை அமுக்கிக்கொண்டு அலறினான்.

"கிர்ருனுதான் கேக்குது, மாமா. சரி, வரேன்."

பிரேக்கை மிதித்தான். ரிவர்ஸ் போட்டான். கண்ணாடியில் வெறும் வெள்ளை. ஹாரனை அழுத்தினான். மேலே ஒரு இன்ஜின் உறுமல். பக்கத்தில். இன்னும் பக்கத்தில். கதவைத் திறந்தான். கீழே பள்ளம்.

பனியில் இரண்டு மஞ்சள் விளக்குகள்.

திரை விலகியது. அவன் போட்டிருந்த அதே நீலச் சட்டையின் கை ஒன்று தோளுக்கு மேலாக நீண்டு அவன் வாயைப் பொத்தியது. குளிர்ந்த, சொதசொதத்த உள்ளங்கை. மறு கை, அவனுடையதைப் போலவே இன்னொரு மைக்கைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் பட்டனை அமுக்கியது. காதுக்குப் பக்கத்தில், பாசமாக, அவன் குரல்.

"வா மச்சான். ரோட்டுல யாருமில்ல."