வெளுத்துப்போன மீன் டாலர்

கரிக்கலாம்பாக்கத்தில் விஜயராணியின் வீட்டுக் கூடத்தில் அன்று பிற்பகல் ஐந்து பேர் இருந்தார்கள். வாசலோர நாற்காலியில், எந்நேரமும் எழுந்து ஓடத் தயாரானவர்போல, சந்தைக் கடைக்காரர் கண்ணையன். சாமி மாடத்தின் கீழே பாயில் விஜயராணி. அவள் மடியில் நான்கு வயது மகள் அமுதம். ஜன்னலோரம், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு தையலம்மாள். உட்காரவே முடியாமல் நடந்துகொண்டிருந்தவர் அவருடைய தம்பி அன்புராஜ்.

காலையில்தான் விஜயராணி தையலம்மாளிடம் ஓடியிருந்தாள். அமுதத்துக்கு ஓயாத வயிற்றுவலி, சோறு இறங்கவில்லை. ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, எங்கிருந்து ஏறுகிறதென்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் மூளையைத் தாக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தைக்கு வாங்கிய பாசி, கம்மலெல்லாம் கண்ணையன் கடையில் என்பதால், அவரையும் சரக்குப் பையோடு வரச்சொல்லியிருந்தார் தையலம்மாள்.

“சுவத்து பெயிண்டுதான்க்கா!” என்றார் அன்புராஜ், பச்சைச் சுவரை நகத்தால் சுரண்டியபடி.

“கொழந்த கைக்கு எட்டுற எடத்துல ஒரு கீறல் இல்ல. நீதான்டா சுரண்டிக்கினு இருக்கற. உக்காரு.”

அவர் உட்காரவில்லை. அக்காவின் பார்வை போன இடத்தைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றில் தொங்கிய மீன் டாலரை அமுதம் சப்பிக்கொண்டிருந்தாள்.

“அது வெள்ளி ஏட்டம்மா,” என்றாள் விஜயராணி. “இவரு கடையில தங்கக் கலர்னுதான் வாங்கினேன். தேய்க்கத் தேய்க்க உள்ள வெள்ளி தெரிஞ்சிது. அதிஷ்டம்னு கழட்டவே இல்ல.”

“இன்னாம்மா கதை வுடுற?” கண்ணையன் பையைத் திறந்து பளபளக்கும் மீன் ஒன்றை எடுத்து நீட்டினார். “என் சரக்கு இதான். அந்த வெள்ளை மீனு எவன் வித்ததோ!”

அன்புராஜுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தையலம்மாள் மாடத்து விளக்கைப் பார்த்தார். அது கண்ணாடியாய் மின்னியது.

“எத்தப் போட்டுத் தேய்ப்ப?”

“புளிதான். வெள்ளிக்கிழமைல வெளக்கோட சேத்து...”

தையலம்மாள் டாலரைக் கழற்றி ஒரு காகிதத்தில் இழுத்தார். பென்சில்போல் சாம்பல் கோடு விழுந்தது.

“வெள்ளி இப்பிடி எழுதாது. பால் பல்லுக்குப் பள்ளமும் விழாது, பாரு. இது ஈயம்.” கயிறு கோத்த வளையத்தை நகர்த்திக் காட்டினார். “கயிறு மறைச்ச எடத்துல புளி படல. தங்கக் கலர் அப்பிடியே நிக்குது. ரெண்டும் ஒரே மீனுதான் கண்ணையா.”

“எனக்கு இன்னாமா தெரியும்? வர்ற சரக்க விக்கறேன்.”

“உன் பையில கம்மல், பாசியெல்லாம் அட்டையோட இருக்கு. மீனை மட்டும் ஏன் அட்டைய உரிச்சி வச்சிருக்க?”

கண்ணையன் தலை தொங்கியது. “ஈயம் கலந்திருக்குன்னு அந்த நம்பர் அட்டை போட்ட மீனையெல்லாம் கம்பெனில திருப்பி அனுப்பச் சொன்னாங்க... நஷ்டத்த யாரு தாங்கறது?”

“நானே தேச்சித் தேச்சி என் கொழந்த வாய்க்குக் குடுத்தனே!” விஜயராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சி வித்தவன் இங்க உக்காந்திருக்கான். உன்ன ஏன் அடிச்சிக்கற?” தையலம்மாள் பேனாவைத் திறந்தார். “கண்ணையா, நாளைக்கி மதகடிப்பட்டுச் சந்தையில கடை போடு. விக்கறதுக்கில்ல, வித்த மீனையெல்லாம் திருப்பி வாங்கறதுக்கு. நானும் வந்து நிப்பேன். இப்ப நான் எழுதற புகார்ல கையெழுத்துப் போடு.”

நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதி முடிந்தது. இரண்டு மீன்களும் உறைக்குள் போயின. “என் மீனு!” என்று அமுதம் வீறிட்டாள். அன்புராஜ் அப்போதுதான் முதன்முறையாக உட்கார்ந்தார். உறையின் வாயில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் பதிவுத்தபாலில் சேர்க்க வேண்டுமென்று உறையோடு எழுந்து ஓடினார். குழந்தையின் அழுகை தெருமுனைவரை அவரைத் துரத்தியது.